எழுதி, வரைந்து, ஒரு படப்புத்தகம்: மடித்த ஆறு தாளில் தொடங்கி ஒப்பந்தம் வரை

குழந்தைகளுக்கான படப்புத்தகத்தைத் தானே எழுதித் தானே வரைய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த டேப்லெட் வாங்கலாம்?" என்றுதான். எதையும் வாங்க வேண்டாம். ஆறு ஏ4 தாளை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் பாதியாக மடித்து, நடுவில் ஊசி நூலால் ரெண்டு தையல் போடுங்கள். 24 பக்கம் கிடைத்துவிட்டது. அச்சகத்தில் இதற்கு டம்மி என்று பெயர். இந்தத் தொழிலில் உங்கள் கையில் இருக்கப்போகிற மிக முக்கியமான கருவி இதுதான், அதனால் இந்தக் கட்டுரையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

படம் போட்ட கதை வேறு, படப்புத்தகம் வேறு

நம்மில் பலருக்கு, முக்கியமாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, கதையோடு படம் பார்க்கும் பழக்கம் அம்புலிமாமாவிலிருந்து வந்தது. 1952இல் அங்கே சேர்ந்த சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன், தோளில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு வாளோடு நடக்கும் விக்கிரமனை வரைந்தார், அந்தப் படம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அந்தக் கதைகளைப் படமே இல்லாமல் படித்தாலும் ஒன்றும் குறையாது. அங்கே படம் கதைக்கு அழகு சேர்த்தது.

படப்புத்தகம் அப்படியில்லை. இதில் பாதிக் கதையைச் சொல் சொல்லும், மீதியைப் படம் சொல்லும். ஒன்றை மறைத்தால் மற்றது நொண்ட வேண்டும். எழுதி முடித்ததும் நான் செய்கிற சோதனை இது: படங்களைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிப்பேன். எல்லாமே புரிந்துவிட்டால் அளவுக்கு மேல் எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.

ஒரு உதாரணம். பாட்டியின் செருப்பு காணாமல்போகிற ஒரு சின்னக் கதைக்கு நான் முதலில் எழுதியது:

"காலை நேரம். கண்மணி சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கே பாட்டி கவலையோடு நின்றுகொண்டிருந்தாள். பாட்டியின் ஒரு செருப்பைக் காணவில்லை. கறுப்பு நாய்க்குட்டி அதைக் கவ்விக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது."

இதில் காலை நேரம், சிவப்புப் பாவாடை, கவலை, நாய்க்குட்டி எல்லாமே படத்தில் தெரியப்போகிறவை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நின்றது:

"பாட்டி செருப்பைக் காணோம். ஒரு செருப்பை மட்டும் காணோம்!"

படத்தில் பாட்டி கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுகிறாள், ஓரத்தில் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. இதை ஒரு கிராமத்து நூலகத்தில் படித்துக்காட்டியபோது ஐந்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து வந்து, அந்த வால் மேல் விரலை வைத்து, "இங்க இருக்கு, இங்க இருக்கு!" என்று கத்தினான். பாட்டிக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. நாய்க்குட்டி எடுத்தது என்று நான் எழுதியிருந்தால் அந்த இடத்தை அவனிடமிருந்து பிடுங்கியிருப்பேன்.

பக்கத்தைப் பிரிப்பது

நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், அவ்வளவுதான் காரணம். வெளிநாட்டில் 32 பக்கம் வழக்கம், இங்கே 24ஐ நிறையப் பார்க்கலாம், 16ம் உண்டு. 24 என்று வைத்துக்கொண்டால் முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் பதிப்பு விவரத்துக்கு, இடையில் 2லிருந்து 23 வரை எதிரெதிராக விரியும் பக்கங்கள் பதினொன்று. உங்கள் கதைக்கு இருப்பது பதினோரு காட்சிதான். இந்த எண்ணை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொண்டால் கதை தானாகவே இறுகும்.

அடுத்து பக்கம் திருப்புகிற அந்த நொடி. கேள்வி, பதற்றம், எதிர்பார்ப்பு எல்லாம் வலப்பக்கத்தில் முடிய வேண்டும், விடை திருப்பியதும் வர வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கிற வசதி சாதாரணமானதில்லை, ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "கண்மணி வைக்கோல் போருக்குப் பின்னால் மெல்ல, மெல்ல..." என்று வலப்பக்கத்தில் நிறுத்திவிடலாம். என்ன செய்தாள்? எட்டிப் பார்த்தாளா, வழுக்கி விழுந்தாளா, தாவிப் பிடித்தாளா? திருப்பினால்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் மொழிபெயர்த்தால் இந்த இடமெல்லாம் கைவிட்டுப் போகும், அதனால் தமிழ்ப் புத்தகம் செய்வதாக இருந்தால் தமிழிலேயே யோசியுங்கள் என்று சொல்வேன். ஒரு புத்தகத்தில் இதை ரெண்டு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், குழந்தைகள் பிடித்துவிடுவார்கள்.

படத்தின் அளவும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. அமெரிக்கப் படப்புத்தகக் கலைஞர் மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தில், தொடக்கத்தில் சின்னச் சதுரமாக இருக்கிற படம், பையனின் கற்பனை பெருகப் பெருகப் பக்கத்தை அடைத்துக்கொண்டே போய், உச்சத்தில் தொடர்ந்து மூன்று விரிபக்கங்களுக்குச் சொல்லே இல்லாமல் படம் மட்டும் நிற்கும். கதை எந்த இடத்தில் சத்தம் போடுகிறது, எந்த இடத்தில் கிசுகிசுக்கிறது என்று உங்கள் டம்மியில் குறித்துவிட்டு அதன்படி படத்தைப் பெரிதாக்குங்கள், சுருக்குங்கள்.

தமிழில் எழுதும்போது வருகிற சிக்கல்கள்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, சொல்லின் நீளம். "ஓடிக்கொண்டிருந்தது" என்ற சொல்லில் பத்து எழுத்து இருக்கிறது. "ஓடியது" என்றால் நாலு. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆறு வயதுக் குழந்தை முதல் சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் கதைகளை நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலைக்கு 600 வரை என்பது கணக்கு. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வருவதால் எண்ணிக்கை குறைவாகவே காட்டும், அதை நம்பி ஏமாற வேண்டாம். எழுத்தை எண்ணிப் பாருங்கள்.

ரெண்டாவது, பேச்சா எழுத்தா? என் வழக்கம், கதை சொல்கிற வரி எளிய எழுத்துத் தமிழ், பாத்திரங்கள் வாய் திறந்தால் பேச்சுத் தமிழ். எந்த வட்டாரப் பேச்சு என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். நாஞ்சில் நாட்டுப் பாட்டி ஒரு பக்கத்திலும் கோயம்புத்தூர்ப் பாட்டி அடுத்த பக்கத்திலும் பேசினால் குழந்தைக்குப் பாட்டியின் குரல் பிடிபடாது.

மூன்றாவது, நாய்க்குட்டி வந்ததா, வந்தானா, வந்தாளா? பாட்டி வந்தாளா, வந்தாரா? தமிழ் வினை இதற்கெல்லாம் பதில் கேட்காமல் விடாது. "வந்தது" என்றால் அது விலங்கு, "வந்தான்" என்றால் அது நண்பன். "வந்தாள்" என்றால் பாட்டி நெருக்கம், "வந்தார்" என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். எது சரி என்று விதி கிடையாது, ஒன்றை எடுத்துக்கொண்டால் கடைசிப் பக்கம் வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒலி. சலசல, கடகட, மொறுமொறு, தடால், பொதக்... இதெல்லாம் நமக்கு இலவசமாகக் கிடைத்த சொத்து. சத்தமாகப் படிக்கும்போது குழந்தைகள் கூடவே சேர்ந்து சொல்வது இந்தச் சொற்களைத்தான். எழுதியதை நீங்களும் சத்தமாகப் படியுங்கள், நாக்கு தடுக்குகிற இடத்தைத் திருத்துங்கள். அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் சின்னச் சின்னச் சொற்களில் தாளம் எப்படி உட்காருகிறது என்று தெரியும்.

குழந்தைகளிடம் கொண்டுபோங்கள்

பென்சில் கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை, டம்மி தயாரானதும் படித்துக்காட்டுங்கள். சொந்தப் பிள்ளைகளிடம் படிப்பது கணக்கில் சேராது, அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். பக்கத்துத் தெரு, அங்கன்வாடி, ஊர் நூலகம், தெரிந்த ஆசிரியரின் வகுப்பு என்று போங்கள். முடித்துவிட்டு "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் கண் ஜன்னல் பக்கம் போனது, எந்தப் பக்கத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ரெண்டு நாள் கழித்துப் போய் "அந்தக் கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். அவர்கள் விட்டுவிடுகிற பக்கம் புத்தகத்துக்குத் தேவைப்படாத பக்கம். நான் ஒரு டம்மியை ஏழு தடவை புதிதாக மடித்திருக்கிறேன், அதில் ஒரு தடவைகூட வீண் என்று நினைத்ததில்லை.

வரைவது

பட்டம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் இருக்கிறது, படிக்க முடிந்தால் நல்லது. பதிப்பாளர்கள் கேட்பதென்னவோ சான்றிதழை இல்லை, ஒரே பாத்திரத்தை இருபது தடவை அதே ஆளாக வரைய முடியுமா என்பதைத்தான். அதனால் முதல் வேலை பாத்திரத் தாள். கண்மணியை முன்னால், பக்கவாட்டில், முதுகுப்பக்கமாக, ஓடும்போது, உட்காரும்போது, அழும்போது வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். எத்தனை வளையல், பொட்டு எங்கே, ரிப்பன் என்ன நிறம் எல்லாம் அதில் இருக்கட்டும். நான் ஒரு புத்தகத்தில் ரெண்டு வளையலை நடுவில் மூன்றாக்கிவிட்டேன், அச்சாகி வந்த பிறகு ஒரு இரண்டாம் வகுப்புப் பெண் எண்ணிச் சொன்னாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிக முக்கியம். நம் குழந்தைகளிடம் வீடு வரையச் சொன்னால் கூரையில் புகைக்கூண்டு வைத்து, பின்னால் ரெண்டு மலையும் நடுவில் சூரியனும் வரைகிறார்கள். அவர்கள் பார்த்த புத்தகங்கள் அப்படி. நீங்கள் வெளியே போய் வரையுங்கள். ரேஷன் கடை வரிசை, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள், பேருந்து நிறுத்தத்தில் தூங்கும் நாய், மொட்டை மாடியில் காயும் வடாம், ஓட்டு வீட்டுத் திண்ணை. தோலின் நிறத்தையும் குழாயிலிருந்து பிதுக்கி அப்படியே பூசாதீர்கள். நம் ஊரில் ஒரு வகுப்பறையில் எத்தனை விதமான பழுப்பு இருக்கிறது என்று பார்த்து, அத்தனையையும் கலந்து பழகுங்கள். தன்னை மாதிரி ஒரு ஆளைப் புத்தகத்தில் பார்க்கிற குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் ரோஸ் நிறத்தைத் தொட மாட்டீர்கள்.

எதில் வரைவது என்பது உங்கள் விருப்பம். போஸ்டர் கலர், வாட்டர் கலர், வெட்டி ஒட்டிய தாள், கணினி எதுவானாலும் சரி. கணினியில் செய்ய ஆசை என்றால் கிரிட்டா மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னைத் தாரா புக்ஸ் வெளியிட்ட, மத்தியப் பிரதேச கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்களைப் பற்றிய புத்தகம் கறுப்புத் தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்டது, 2008இல் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியின் விருதும் பெற்றது. தங்கள் சுவர்களில் வரைந்த மரபிலிருந்து வந்தவர்கள் அவர்கள். உங்கள் கைக்கு எது வருமோ அதில் போங்கள்.

அச்சுக்குத் தயார்செய்வது

இங்கே சின்ன விஷயங்கள்தான், தவறினால் செலவு பெரிது. படத்தை அச்சாகிற அளவிலேயே 300 டிபிஐக்கு (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். கட்டிங்கில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் நீளட்டும். பின் அடிக்கிற நடுமடிப்பில் முகத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். திரையில் பளிச்சென்று தெரிகிற நீலமும் பச்சையும் அச்சகத்தின் சிஎம்ஒய்கே என்ற நாலு நிற மையில் மங்கிவிடும், அதனால் மாற்றிப் பார்த்துவிட்டே முடிவுசெய்யுங்கள். எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும், நாலு நிறத்தையும் கலந்தால் ஓரம் பிசிறும்.

எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரைந்துவிடவும் வேண்டாம். சென்னைத் துலிகா பல புத்தகங்களை ஆங்கிலம், தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளம் என்று ஒன்பது மொழிகளில் போடுகிறார்கள். படத்துக்குள் கடைப் பலகையில் "டீக்கடை" என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் யாராவது அழித்து எழுத வேண்டிவரும். எழுத்தை ஃபைலில் தனி அடுக்கில் (லேயர்) வையுங்கள்.

தமிழ் எழுத்துருவுக்கு வருகிறேன். என் முதல் புத்தகத்தின் ப்ரூஃப் வந்தபோது "கேட்டாள்" என்பதில் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது, 24 பக்கமும் அப்படித்தான். லேஅவுட் செய்தவரின் மேல் தப்பில்லை, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோட் தமிழ் இப்படிக் குலையும். ஃபைல் அனுப்பும்போதே இதை ஒரு வரி எழுதிவிடுங்கள், சரியாகத் தெரிகிற பிடிஎஃப் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே அனுப்புங்கள். புள்ளி தெளிவாகத் தெரிகிற, ன-ண வித்தியாசம் சட்டென்று கண்ணில் படுகிற எழுத்துருவாக எடுங்கள். வரிகளுக்கு நடுவே இடத்தைத் தாராளமாக விடுங்கள்.

பதிப்பாளரிடம் போவது

எல்லாப் படத்தையும் வண்ணத்தில் முடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எடிட்டர் மூன்றாவது காட்சியை எடுத்துவிடச் சொல்வார், நீங்கள் அதற்கு ரெண்டு வாரம் செலவழித்திருப்பீர்கள், மனசு வராது. முழு எழுத்து, பென்சில் டம்மியின் பிடிஎஃப், முழுதாக முடித்த விரிபக்கம் ரெண்டு, உங்களைப் பற்றி நாலு வரி, இவ்வளவு போதும். அசல் ஓவியத்தை ஒருபோதும் அனுப்ப வேண்டாம்.

துலிகா, தாரா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், வானம் பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை உண்டு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போய் ஒரு நாள் முழுக்கக் குழந்தைகள் புத்தக அரங்குகளில் மட்டும் நில்லுங்கள், புரட்டுங்கள். யார் எந்த மாதிரிப் புத்தகம் போடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகு அனுப்பினால் பாதி நிராகரிப்பு தானே குறையும். மீதி நிராகரிப்பு வரத்தான் செய்யும், அதைத் தனியாகப் பேச வேண்டியதில்லை.

முன் அனுபவம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் நல்ல பயிற்சிக் களம். அங்கே இருக்கிற படங்களை வைத்துத் தமிழில் புதுக்கதை எழுதலாம், இருக்கிற கதையை மொழிபெயர்க்கலாம். ஆனால் அங்கே போடுவது திறந்த உரிமத்தில் போகிறது, பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்து விற்கக்கூடச் செய்யலாம், பிறகு திரும்பப் பெற முடியாது. உயிராக நினைக்கிற கதையை அங்கே போடுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சொந்தச் செலவில் அச்சிடுவதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு, 1901 டிசம்பரில் அவர் தானே 250 பிரதி அச்சிட்டார், அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் வண்ணத்தில் வெளியிட்டது. ஆனால் வண்ண ஆஃப்செட்டில் குறைந்த பிரதி போட்டால் ஒரு பிரதியின் விலை எகிறும், ஆயிரம் போட்டால் கட்டிலுக்கு அடியில் அடுக்க வேண்டிவரும். டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதி போட்டு விற்றுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கொடுக்காதீர்கள், ராஜாராம் மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையில் அது இலவசம்.

ஒப்பந்தமும் பணமும்

ஓவியர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். வாய்ப்பேச்சில் வரைந்து கொடுத்துவிட்டுப் பிறகு "என் படம்" என்று போய் நிற்க முடியாது. அதனால் பென்சிலைத் தொடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளச் சொல்கிறது. எனவே எத்தனை ஆண்டு, எந்தெந்த மொழி, மின்நூல் உண்டா, பொம்மை பை சட்டை என்று போடுகிற உரிமை யாருக்கு, அசல் ஓவியம் யாரிடம் இருக்கும், எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணத்தைப் பற்றி உள்ளபடி சொல்கிறேன். 60 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீதம் ராயல்டி, 2000 பிரதி விற்றது என்று வைத்துக்கொண்டால் வருவது 12,000 ரூபாய். எழுதியவரும் வரைந்தவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இதையே பிரித்துக்கொள்வார்கள், ரெண்டும் நீங்களே என்றால் முழுசாக உங்களுக்கு, அவ்வளவுதான் லாபம். பல மாத உழைப்புக்கு இது போதாது. அதனால் வேலையை விடுவதற்கு முன் வேறு வருமானத்தைப் பக்கத்தில் கட்டி வையுங்கள். பாடநூல் படங்கள், துளிர் போன்ற சிறுவர் இதழ்கள், பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் ஊஞ்சல், தேன்சிட்டு, மற்றவர் எழுதிய கதைக்கு வரைவது, பள்ளிகளில் ஓவியப் பட்டறை என்று வழிகள் இருக்கின்றன. பட்டறைக்குக் கூப்பிடும் பள்ளிகளிடம் பயணச் செலவையும் சம்பளத்தையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளிக்கு நான் பணம் வாங்காமல் போவேன், அது என் முடிவு, நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

புத்தகம் வந்த பிறகு

அடுக்குகளோடு கூடிய ஃபைல், எழுத்து இல்லாத படம், அசல் தாள்கள் மூன்றையும் தனித்தனி இடத்தில் வையுங்கள். அசல் தாளை வெயிலிலோ ஈரச் சுவரிலோ சாய்த்து வைக்காமல், நடுவில் பட்டர் பேப்பர் போட்டுப் படுக்கவைத்து அடுக்குங்கள். கறுப்பு வால் புத்தகத்தை வேறு மொழியில் போட வேண்டும் என்று நாலு ஆண்டு கழித்துக் கேட்டு வந்தார்கள். நான் ஃபைலை வைத்திருந்த ஹார்டு டிஸ்க் உயிரோடு இல்லை, பீரோவுக்குள் படுத்திருந்த பதினோரு தாளையும் மறுபடி ஸ்கேன் செய்துதான் அந்தப் பதிப்பு வந்தது.